கிளினிக் அட்டையில் எழுதாத ஒரு வரி

கேள்வி: டொக்டர், எனக்கு 28 வயது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் கணவர், மாமியுடன் இருக்கிறேன். இப்போது 11 வாரக் கர்ப்பம். 14 வயதில் வலிப்பு தொடங்கியது. முதலில் வல்ப்ரோயேட் தந்தார்கள். 3 வருடங்களுக்கு முன், வீட்டில் கலியாணப் பேச்சு எடுத்த நேரம், டொக்டர் அதை மாற்றி லெவெட்டிராசிட்டம் 500 மில்லிகிராம் காலையும் இரவும் போடச் சொன்னார். விழுந்து வலிப்பு வந்து 2 வருடத்துக்கு மேல். கணவருக்கு எல்லாம் தெரியும், மாமிக்குத் தெரியாது. கிளினிக் அட்டையை அவர் எடுத்து எடுத்துப் பார்ப்பார் என்பதால் மிட்வைஃப் மிஸ்ஸிடமும் சொல்லவில்லை. வலிப்பு மருந்து பிள்ளையை ஊனமாக்கும் என்று இணையத்தில் வாசித்தேன். அந்தப் பயத்தில் 10 நாட்களாக இரவுக் குளிசையைப் பாதியாக முறித்துப் போடுகிறேன். போன கிழமை காலையில் தேத்தண்ணி கலக்கும்போது கரண்டி கையிலிருந்து தெறித்து விழுந்தது. மருந்தை நிறுத்தலாமா? சுகப்பிரசவம் நடக்குமா? பால் கொடுக்கலாமா? பிள்ளைக்கும் இது வருமா? தலைப்பிள்ளைப் பேற்றுக்கு யாழ்ப்பாணம் வரச்சொல்லி அம்மா கூப்பிடுகிறார், போகலாமா? கந்தசஷ்டி விரதமும் பிடிக்க ஆசை.
– வெள்ளவத்தை வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, பெரும்பாலும் நல்ல பதில்தான். ஆனால் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் நான் முதலில் கதைக்க வேண்டும். ஒன்று அந்தத் தேத்தண்ணிக் கரண்டி, மற்றது அந்தக் கிளினிக் அட்டை.

கரண்டியில் தொடங்குகிறேன். பதின்ம வயதில் தொடங்கி, காலை எழும்பியதும் கையும் தோளும் வெட்டி வெட்டித் துள்ளும் ஒரு வகை வலிப்பு இருக்கிறது. உங்களுக்கு இருப்பது அந்த வகையாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. கோப்பை தெறிக்கும், பல் தீட்டும் பிரஷ் பறக்கும், வீட்டில் "கை தடுமாறிவிட்டது" என்று நிலத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் துள்ளல் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் இவ்வளவு காலம் அடங்கிக் கிடந்தது திரும்ப எட்டிப் பார்க்கிறதென்றால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். அடுத்ததாக ஒரு நாள், நித்திரை குறைந்த ஒரு காலையில், பெரிய வலிப்பே வரலாம்.

ஆகவே இன்றிரவிலிருந்து ஒரு துண்டுகூடக் குறைக்காதீர்கள். நாளைக் காலையே உங்கள் நரம்பியல் வைத்தியருடன் தொடர்புகொண்டு மூன்று விஷயம் சொல்லுங்கள்: 11 வாரம், 10 நாளாகப் பாதிக் குளிசை, காலையில் கை துள்ளியது. "கொஞ்சம் மிஸ் பண்ணிட்டேன்" என்று பூசி மெழுக வேண்டாம், இருக்கிறபடி சொல்லுங்கள். அனேகமாக முழு அளவுக்குத் திரும்பச் சொல்வார், கூட்டவும் சொல்லலாம். எவ்வளவு என்பதை உங்களைப் பார்க்காமல் நான் எழுதுவது சரியில்லை. அவரைப் பிடிக்க முடியாவிட்டால், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் வலிப்பு நோய்க்கென்றே ஒரு நிலையம் இயங்குகிறது. குளிசை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நிறத்தைச் சொல்லி மருந்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் நோயாளிகள் எங்கள் பாட்டைப் படாத பாடாக்குவார்கள்!

மருந்தைக் கூட்டச் சொல்லலாம் என்றேனே, அது உங்களுக்குத் தலைகீழாகத் தெரியலாம். கர்ப்பத்தில் மருந்தைக் குறைப்பதுதானே முறை என்று நினைப்பீர்கள். விஷயம் இப்படி. பிள்ளைத்தாய்ச்சியின் உடம்பில் இரத்தம் பெருகும், சிறுநீரகம் வழமையை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாக வடிகட்டும். லெவெட்டிராசிட்டம் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவது. அதனால் முதல் 3 மாதத்திலேயே இரத்தத்தில் அதன் அளவு இறங்கத் தொடங்கிவிடும். லமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தை எடுப்பவர்களுக்கும் இதே கதைதான், அது ஈரல் வழியாகக் கரையும், சிலருக்குப் பாதிக்கும் கீழே போகும். நீங்கள் குளிசையைப் பாதியாக முறிக்கும்போது உடம்பு தன் பாட்டில் இன்னொரு பங்கைக் கழித்துவிடுகிறது. கை துள்ளாமல் என்ன செய்யும்?

2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளையும், அதே நோயுள்ள, கர்ப்பமில்லாத பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வலிப்பு கூடியவர்கள் கர்ப்பிணிகளில் 100க்கு 23, மற்றவர்களில் 25. கிட்டத்தட்ட சமம். ஆனால் கர்ப்பிணிகளில் 100க்கு 74 பேருக்கு இடையில் மருந்தின் அளவை மாற்றியிருந்தார்கள், மற்றவர்களில் 31 பேருக்குத்தான். உடம்பு மருந்தைக் கழிக்கக் கழிக்க வைத்தியர்கள் பின்னாலேயே போய்ச் சரிக்கட்டியிருக்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன் 9 மாதமாவது வலிப்பு வராமல் இருந்தவர்களில் 100க்கு 84 முதல் 92 பேர் கர்ப்பம் முழுக்க வலிப்பில்லாமலே கடக்கிறார்கள் என்பது பழைய ஆய்வுகளின் கணக்கு. நீங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். குளிசையை முறிக்காமல் இருந்தால்.

இனி இணையத்தில் வாசித்த ஊனக் கதை. அது முழுப் பொய்யில்லை. எந்த மருந்தைப் பற்றியது என்பதுதான் கேள்வி. யூராப் என்றொரு பன்னாட்டுப் பதிவேடு இருக்கிறது. 7,000க்கு மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்து பார்த்து 2018இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பெரிய பிறவிக் குறைபாடுகள் வல்ப்ரோயேட் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் 100க்கு 10.3, கார்பமசெபினில் 5.5, லமோட்ரிஜினில் 2.9, லெவெட்டிராசிட்டத்தில் 2.8. ஒரு மருந்தும் எடுக்காத தாய்மாரின் பிள்ளைகளிலேயே 100க்கு 2, 3 பேருக்கு ஏதாவது குறை இருக்கத்தான் செய்கிறது. நீங்கள் முறித்துப் போட்டுக்கொண்டிருப்பது அந்தப் பட்டியலின் கடைசியில் இருக்கும் குளிசையை.

வல்ப்ரோயேட் வேறு சங்கதி. உடல் குறைபாடு மட்டுமில்லை, பிள்ளையின் படிப்பு, பேச்சு, நடத்தை வளர்ச்சியில் தாமதம் 100க்கு 30 முதல் 40 பேரிடம் காணப்படுகிறது. கலியாணப் பேச்சு எடுத்ததுமே அதை மாற்றிய வைத்தியர் உங்களுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார். அடுத்த முறை போகும்போது ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். இதை வாசிக்கும் வேறு யாராவது எபிலிம் என்ற பெயரிலோ வேறு பெயரிலோ வல்ப்ரோயேட் எடுத்துக்கொண்டு பிள்ளைக்கு யோசித்துக்கொண்டிருந்தால், கர்ப்பம் தரிக்க முதலே வைத்தியரிடம் கதையுங்கள். ஏற்கனவே கர்ப்பமாகியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் இந்தக் கிழமைக்குள் போய்ப் பாருங்கள். திடீரென்று நிறுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காத வலிப்பு வரலாம், அதில் உயிரே போகும். வலிப்பு நோயுள்ள தாய்மாரின் மரணங்களை ஆராய்ந்த பிரித்தானிய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு விஷயம், மருந்தை நிறுத்தியதும் ஒழுங்காக எடுக்காததும்.

பெரிய வலிப்பு பிள்ளையையும் விட்டுவைக்காது. தாய்க்கு மூச்சுத் தடைப்படும் அந்த ஒன்றிரண்டு நிமிடம் பிள்ளைக்கும் ஒட்சிசன் குறையும், இதயத்துடிப்பு இறங்கும். விழுந்து வயிறு அடிபட்டால் நச்சுக்கொடி கழரலாம். பயந்து குறைப்பதாக இருந்தால் குறைக்க வேண்டியது வலிப்பைத்தான்.

இப்போது அட்டைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பயிற்சி வைத்தியராக இருந்த காலம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். இரவு 2 மணி போல, பிரசவ விடுதியில் வலி தொடங்கிப் படுத்திருந்த ஒரு பெண் திடீரென்று கண் சொருகிக் கை கால் இழுக்கத் தொடங்கினாள். கட்டில் சட்டம் கடகடவென்று ஆடியது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. 20 வாரத்துக்குப் பிறகு கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் முதலில் நினைக்க வேண்டியது எக்லாம்சியா, பிரஷர் ஏறி வரும் கர்ப்பகால வலிப்பு. அதற்கு மருந்து மக்னீசியம் சல்பேற். அதைத்தான் ஏற்றத் தொடங்கினோம். பிரஷர் பார்த்தால் 110/70. சிறுநீரில் புரதமும் இல்லை. அட்டையைப் புரட்டினால் இரத்த வகை, நிறை, போட்ட தடுப்பூசி எல்லாம் சுத்தமாக எழுதியிருக்கிறது, வலிப்பைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. மூளையில் இரத்தக் கசிவோ, ஸ்கான் எடுப்பதோ, உடனே சத்திர சிகிச்சைக்குக் கொண்டு போவதோ என்று பெரிய டொக்டர்மார் நின்று தலையை உடைத்துக்கொண்டிருக்க, கணவரைக் கூப்பிட்டோம். வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடமாவது இருக்கும். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, அரைவாசி தீர்ந்த ஒரு குளிசை அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். வீட்டில் வெறும் பால்மா டின் ஒன்றுக்குள் ஒளித்து வைத்துத்தான் அவள் அதைப் போட்டு வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடும்போது மாமியார் பக்கத்தில் நின்றதால் எடுத்து வைக்க முடியவில்லை. இரண்டு நாளாக மருந்தே இல்லை. ஆண் பிள்ளை, விடிய 6 மணிக்கு நலமாகப் பிறந்தது, தாயும் சுகம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும்.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு அந்தப் பால்மா டின்தான் கண்ணில் நின்றது.

கலியாணச் சந்தையில் வலிப்பு என்ற சொல்லுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வெயிற்றிங் ரூமில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஒளித்ததற்கு உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் நோயை மாமியிடம் சொல்வதா இல்லையா என்பது உங்கள் உரிமை. மிட்வைஃப் மிஸ்ஸிடமும் கிளினிக் டொக்டரிடமும் சொல்வது மட்டும் அந்தக் கணக்கில் வராது. அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்காமல் போய், "மிஸ், தனிய ஒரு விஷயம் கதைக்க வேண்டும்" என்று கேளுங்கள். ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போய்க் கேட்பார். எத்தனை வீட்டு ரகசியம் அவர்கள் மனதில் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அட்டையில் வலிப்பு நோய், எடுக்கும் மருந்து, அளவு, கடைசியாக வலிப்பு வந்த மாதம், இந்த நான்கும் ஏற வேண்டும். நடுச்சாமத்தில் உங்களை முன்பின் பார்த்திராத ஒரு டொக்டருக்கு உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாள்தான்.

மாமி விஷயத்தில், நீங்கள் கேட்காவிட்டாலும் என் எண்ணத்தைச் சொல்கிறேன். சொல்லிவிடுவது நல்லது. காரணம் நேர்மை கீர்மை ஒன்றுமில்லை. பகல் முழுக்க உங்களுடன் வீட்டில் இருப்பவர் அவர். காலை 10 மணிக்கு நீங்கள் குசினியில் விழுந்தால் ஓடி வரப்போவது வேலைக்குப் போன கணவர் இல்லை. விஷயம் தெரியாத ஒருவர் அந்த நேரம் என்ன செய்வார்? கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார், வாய்க்குள் கரண்டியை விடுவார், தண்ணீர் பருக்குவார். மூன்றும் கூடாது, பின்னவை இரண்டும் ஆபத்து. தெரிந்தவரென்றால் பக்கத்தில் இருப்பதை ஒதுக்கிவிட்டு, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, இழுப்பு அடங்கியதும் இடது பக்கம் சரித்துப் படுக்க வைத்து, மணிக்கூட்டைப் பார்ப்பார். வலிப்பு நோய் மட்டும் உள்ளவர்களுக்கு 5 நிமிடம் தாண்டினால்தான் அம்புலன்ஸ் என்போம். பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தக் கணக்குப் பார்க்க வேண்டாம், பெரிய வலிப்பு வந்தாலே 1990க்கு எடுக்கச் சொல்லுங்கள். காசில்லாத சேவை. உங்களுக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்பதற்காக 20 வாரத்துக்குப் பிறகு வரும் வலிப்பை "வழமையானதுதான்" என்று வீட்டோடு வைத்திருக்கவும் கூடாது. பிரஷரும் சிறுநீரும் பார்த்தாக வேண்டும்.

நீங்களாகச் சொல்ல வேண்டாம், கணவர் சொல்லட்டும். அவருடைய அம்மா, அவருக்குத்தான் எந்த நேரம் எப்படிக் கதைப்பது என்று தெரியும். "கலியாணத்துக்கு முதலே எனக்குத் தெரியும்" என்ற ஒரு வசனத்தில் தொடங்கினால் போதும், பழி உங்கள் தலையில் விழாது. பிறகு மாமியையும் கூட்டிக்கொண்டு உங்கள் டொக்டரிடம் போங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் எங்கள் பெரியவர்கள் கேட்பார்கள், அந்த ஒரு விஷயத்தில் எங்கள் தொழிலுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

வீட்டில் சின்னச் சின்ன மாற்றம் சில. குளிக்கும்போது கதவைக் கொண்டி போடாமல் சாத்தி மட்டும் வையுங்கள், பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்து குளியுங்கள். அடுப்பில் பின்பக்க பேர்னரைப் பாவியுங்கள், சோறு வடிக்கும் வேலையை மாமி பார்க்கட்டும். பல்கனி ஓரத்தில் கதிரையில் ஏறி உடுப்புக் காயப் போடுவதும், தனியே கடலில் குளிப்பதும் வேண்டாம்.

சத்தி எடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் 11 வாரத்தில் பலருக்கு அது இருக்கும். குமட்டல் குறைந்த நேரமாகப் பார்த்துக் குளிசையைப் போடுங்கள், நாளும் ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிசை முழுதாக வெளியே வருகிற அளவுக்குச் சத்தி இருந்தால் பொறுத்திருக்காமல் டொக்டரிடம் கேளுங்கள், அதற்குக் கர்ப்பிணிகள் எடுக்கக்கூடிய மருந்து இருக்கிறது.

போலிக் அமிலம் கிளினிக்கில் தந்திருப்பார்கள். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு வழமையான அளவு போதாது, நாளுக்கு 5 மில்லிகிராம் என்பது பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர் கல்லூரியின் வழிகாட்டல். அட்டையில் வலிப்பு என்று எழுதாததால் உங்களுக்குச் சின்ன அளவுதான் கிடைத்திருக்கும் என்பது என் ஊகம். அதையும் நாளைக்கே கேளுங்கள். பிள்ளையின் முள்ளந்தண்டுக் குழாய் கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும், அதாவது பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்று தெரிய முன்னரே. அதனால் போனதை நினைத்து அழ வேண்டாம். அடுத்த பிள்ளைக்கு மட்டும் 3 மாதம் முன்னரே தொடங்குங்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் பிள்ளையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கானைத் தவற விடாதீர்கள். முதுகெலும்பு, இதயம், உதடு எல்லாம் அதில் தெரியும். அந்த ஸ்கான் அறையிலிருந்து சிரித்துக்கொண்டு வெளியே வருபவர்கள்தான் மிகப் பெரும்பாலானோர்.

பிரசவம். வலிப்பு நோய் என்ற ஒரே காரணத்துக்காக வயிற்றை வெட்ட வேண்டியதில்லை. பிரசவ வலியின்போதோ அடுத்த 24 மணி நேரத்திலோ பெரிய வலிப்பு வருவது 100க்கு 1 முதல் 4 பேருக்குத்தான். அதையும் வரவழைப்பது பட்டினி, நித்திரையின்மை, தண்ணீர் குறைவது, குளிசை தவறுவது. ஆஸ்பத்திரிப் பையில் பிள்ளைச் சட்டைக்கு மேலே குளிசை இருக்கட்டும். வலி எடுத்தாலும் நேரத்துக்கு நேரம் போட வேண்டும். விழுங்க முடியாவிட்டால் லெவெட்டிராசிட்டத்தை நரம்பு வழியாக ஏற்றலாம். வலி தணிக்க இங்கே பரவலாகப் போடும் பெத்திடின் ஊசி வலிப்பைத் தூண்டக்கூடியது. ஆகவே "எனக்கு வலிப்பு இருக்கிறது, வேறு ஏதாவது தரலாமா" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முதுகில் போடும் எபிடியூரல் ஊசியில் பிரச்சினை இல்லை, கிடைக்கும் இடமென்றால் அது நல்லது, வலி குறைந்தால் நித்திரையும் கிடைக்கும். பிறந்ததும் பிள்ளைக்கு விற்றமின் கே 1 மில்லிகிராம் ஊசி போடுவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

யாழ்ப்பாணம் போகலாமா? போகலாம். தாய்வீட்டில் தலைப்பிள்ளை பெறுவது எங்கள் முறை, அதில் உங்களுக்குக் கிடைக்கும் ஓய்வும் பெரிய மருந்து. யாழ். போதனா வைத்தியசாலையில் பேறு நடப்பதென்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 37 வாரத்தில் அடித்துப் பிடித்து ஓடாமல் முன்னரே போய், அங்குள்ள நரம்பியல் வைத்தியரையும் மகப்பேற்று வைத்தியரையும் ஒருக்கால் பார்த்துப் பதிவாகிவிடுங்கள். இன்னொன்று: வெள்ளவத்தையில் இரவு ஏறி விடிய யாழ்ப்பாணத்தில் இறங்கும் அந்த பஸ் உங்களுக்கு ஆகாது. இரவு முழுக்க நித்திரையில்லாமல் போவது, காலையில் கை துள்ளும் உங்கள் வலிப்புக்கு அதைவிடப் பெரிய அழைப்பிதழ் இல்லை. பகலில் போங்கள்.

பிள்ளை பிறந்த பிறகுதான் உண்மையான சோதனை, ஏனென்றால் அப்போது நித்திரை இல்லை. பால் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகக் கொடுங்கள். லெவெட்டிராசிட்டம் பாலில் கொஞ்சம் போகும், ஆனால் வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்குப் போனதை விட அது குறைவு. பீனோபார்பிட்டோன் எடுக்கும் தாய்மாரின் பிள்ளைதான் சில வேளை பால் குடிக்காமல் தூங்கி வழியும், அதைக் கவனிக்க வேண்டும். இரவில் ஒரு தடவை பாலைப் பிழிந்து வைத்துவிட்டு நீங்கள் தொடர்ந்து 4, 5 மணி நேரமாவது படுங்கள். அம்மாவோ கணவரோ எழும்பிப் பருக்கட்டும். கட்டிலில் சாய்ந்து பால் கொடுப்பதை விட, நிலத்தில் பாய் விரித்துச் சுவரில் முதுகைச் சாய்த்து இருந்து கொடுங்கள். உடுப்பு மாற்றுவதும் நிலத்தில்தான். பிள்ளையைத் தனியே குளிக்க வார்க்காதீர்கள். துடக்குக் கழியும் 31ஆம் நாள் வரை எப்படியும் வீட்டில் ஆட்கள் சூழ இருப்பார்கள், அதற்குப் பிறகு நீங்களும் பிள்ளையும் மட்டும் இருக்கும் பகல் நேரங்களைத்தான் இப்போதே யோசித்து ஒழுங்கு செய்ய வேண்டும். சரக்குக் கறியும் பத்தியச் சாப்பாடும் சாப்பிடுங்கள், பாதகமில்லை. "பத்தியத்துக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது" என்று யாராவது குளிசையை எடுத்து மறைத்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

கர்ப்பத்தில் மருந்தைக் கூட்டியிருந்தால் பேற்றுக்குப் பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். உடம்பு இரண்டு மூன்று கிழமையில் பழைய நிலைக்கு வந்துவிடும், கூட்டிய அளவு அப்படியே நின்றால் தலைச்சுற்றும் மயக்கமும்தான் மிச்சம். எந்த நாளில் எவ்வளவு குறைப்பது என்று ஆஸ்பத்திரியை விட்டு வர முன்னரே எழுதி வாங்குங்கள். லெவெட்டிராசிட்டம் சிலரைச் சிடுசிடுப்பாக்கும், மனதைச் சோர வைக்கும். பிள்ளை பெற்ற உடம்பும் அப்படித்தான். காரணமில்லாமல் அழுகை வந்து இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் "பச்சை உடம்புக்காரிக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு உங்கள் மருந்து தடையில்லை. கார்பமசெபின், பெனிட்டோயின் எடுக்கும் பெண்களுக்குத்தான் மித்துரி போன்ற குளிசையும் கையில் வைக்கும் ஜடெல்லும் சரியாக வேலை செய்யாமல் போகும், அவர்களுக்கு லூப் நல்லது.

பிள்ளைக்கும் வருமா? வலிப்புள்ள தாயின் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 95 பேருக்கு வருவதில்லை. பொதுவில் 100க்கு ஒன்றிரண்டு பேருக்கு வருவதோடு ஒப்பிட்டால் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வந்தாலும், அதை முதலில் அடையாளம் காணும் தாய் நீங்களாக இருப்பீர்கள்.

விரதம் கடைசியாக. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருந்து, இரவு கோயிலில் கண் விழித்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் குளிசையையும் விடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு பொழுது மரக்கறிச் சாப்பாடு, மற்ற நேரம் பாலும் பழமும், குளிசை இரண்டு வேளையும், 9 மணிக்குப் படுக்கை. சூரன் போரைப் பகல் வெளிச்சத்தில் கணவரோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நிற்க முடியாவிட்டால் இருந்து பாருங்கள்.